உள்ளூர் சர்வரை எடுத்துட்டாங்க, இனி எங்கே ஆடுவது?

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி தாண்டினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து ஒரு கத்தல் வரும். "சுவருக்குப் பின்னாடி வந்துட்டேன்பா, அதுக்கப்புறம் செத்துட்டேன்!" ஆன்லைன் ஆட்டத்தில் இருக்கும் பதினாறு வயது மகன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் திரையில் அவன் சுவருக்குப் பின்னால்தான் இருந்தான். ஜெர்மனியில் உட்கார்ந்து சுட்டவனின் திரையில் இவன் இன்னும் வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தான். ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டரான சர்வர் அங்கே, சுட்டவன் அங்கே, இவன் மட்டும் இந்துமாக்கடல் ஓரத்தில். யார் பக்கம் தீர்ப்பு போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆறு மாதம் முன்புவரை இந்தக் கத்தல் கிடையாது. நாங்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஜோகன்னஸ்பர்கில் சர்வர் இருந்தது. ஒருநாள் அப்டேட் வந்தது, பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் காணோம். (ஆட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே கதை பல ஆட்டங்களுக்கு நடந்திருக்கிறது.)

அதிலிருந்து டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் கல்லூரிப் பையன்கள், பிரிட்டோரியாவுக்கு ஐடி வேலையாக வந்த சென்னைக்காரர், மொரீஷியஸில் இருக்கும் என் மச்சான் என்று எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். ஐரோப்பா சர்வருக்குப் போவதா, மும்பைக்குப் போவதா, காசு போட்டு சொந்தமாக ஒன்று எடுப்பதா, இல்லை ஆட்டத்தையே மாற்றிவிடுவதா? நாங்கள் பன்னிரண்டு பேர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டுப் பார்த்துவிட்டோம்.

எதை வைத்து அளப்பது

எல்லாரும் முதலில் பேசுவது பிங், அதாவது நம் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லி நொடிகள். பேச வேண்டியதுதான். ஆனால் பிங் எண்ணைவிட அது நிலையாக நிற்கிறதா என்பது முக்கியம். 170-இல் அசையாமல் நின்றால் கை பழகிவிடும். 90-க்கும் 200-க்கும் நடுவே ஊஞ்சலாடினால் யாராலும் ஆட முடியாது.

அடுத்தது, ஆள் வருமா. எட்டு மணிக்கு மேட்ச் தேடினால் எத்தனை நிமிடத்தில் கிடைக்கிறது? அப்புறம் காசு, மாதா மாதம் ராண்டில். அப்புறம் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று: வேலை. அப்டேட் போடுவது, ஏமாற்றுகிறவனைத் தூக்குவது, நடுராத்திரி சர்வர் படுத்தால் எழுப்புவது, இதெல்லாம் யார் தலையில் விழும்?

இந்த நாலுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது தெரிந்த முகங்களா, தெரியாத எதிரிகளா? பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை சேர்ந்து சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்றால் ஒரு வழி. தனியாக உட்கார்ந்து ராங்க் ஏற வேண்டும் என்றால் முற்றிலும் வேறு வழி. எங்கள் குழுவில் முதல் மாதம் முழுக்க நடந்த சண்டை பிங்கைப் பற்றியது என்றுதான் நினைத்தோம். உண்மையில் பாதிப் பேருக்கு முதலாவது வேண்டும், மீதிப் பேருக்கு இரண்டாவது வேண்டும். அது புரிய ஒரு மாதம் ஆனது.

அவசரக்காரர்களுக்கு இந்த அட்டவணை. பிங் எண்கள் எங்கள் வீட்டு ஃபைபரில் பார்த்தவை, உங்கள் வீட்டில் கொஞ்சம் மாறும்.

| வழி | டர்பனிலிருந்து பிங் | மேட்ச் கிடைப்பது | காசு | வேலை |
|---|---|---|---|---|
| ஐரோப்பா | 165 முதல் 185 | உடனே | இல்லை | இல்லை |
| மும்பை | 130 முதல் 300, ரூட்டைப் பொறுத்து | நேரம் பார்த்துப் போனால் உடனே | இல்லை | ரூட்டைச் சரிபார்க்க வேண்டும் |
| வாடகை சர்வர், ஜோகன்னஸ்பர்க் | 10 முதல் 15 | நாமே ஆள் சேர்க்க வேண்டும் | மாதா மாதம் | நிறைய |
| வீட்டு சர்வர் | 10 முதல் 25 | நாமே ஆள் சேர்க்க வேண்டும் | கரண்ட், யுபிஎஸ் | அதைவிட நிறைய |
| வேறு ஆட்டம் | 10 முதல் 15 | ஆட்டத்தைப் பொறுத்து | புது ஆட்டத்தின் விலை | பழக வேண்டும் |

ஐரோப்பா

இதன் பெரிய பலம் தூரத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் கோடையில் ஜெர்மனிக்கும் நமக்கும் ஒரே நேரம், அவர்கள் குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். நாம் வேலை முடித்து, சாப்பிட்டு உட்காரும்போது அங்கேயும் அதே நேரம். எந்த மோடில் தேடினாலும் அரை நிமிடத்தில் மேட்ச்.

பிங்கைக் குறைக்க வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஒரு மில்லி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கேப் டவுனுக்கு வடக்கே யெசர்ஃபோன்டெய்னில் தொடங்கி மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமாக லண்டன் போகும் வாக்ஸ் என்ற கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். போக 72.5, வர 72.5. அதாவது அந்தக் கேபிளில் போனால் 145-க்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது. டர்பனிலிருந்து மேற்குக் கரைக்குப் போவது தனி. "பிங்கைப் பாதியாக்குகிறோம்" என்று காசு கேட்கும் செயலிகளை இந்தக் கணக்கோடு பாருங்கள். உங்கள் நெட் கம்பெனி கோணல்மாணலான ரூட்டில் அனுப்பினால் அதை அவை நேராக்கும், அது உண்மையான உதவிதான். தூரத்தை அவற்றால் சுருக்க முடியாது.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, அங்கே நாம் விருந்தாளி. பிங் வரம்பு வைத்திருக்கும் சமூக சர்வர்கள் 150 தாண்டினால் தானாக வெளியே தள்ளிவிடும். அதில்லாத இடத்திலும், லேக் அடிக்கும் ஆளை யாருக்கும் பிடிக்காது. என் மகன் வாங்கிய வசவுகளில் சில எனக்குப் புரியாத மொழியில் இருந்தது ஒருவகையில் நல்லது.

இன்னொன்று கடல். 2024 பிப்ரவரியில் செங்கடலில் சீகாம் உள்படச் சில கேபிள்கள் அறுந்தன. மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் பக்கம் வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என்று நாலு கேபிள் ஒரே நாளில் போயின. கிழக்கிலும் அடி, மேற்கிலும் அடி. உள்ளூர் சர்வர் இருந்தால் ஜோகன்னஸ்பர்கிலேயே ட்ராஃபிக் மாறிக்கொள்ளும், ஆட்டத்துக்குள் பெரிதாகத் தெரியாது. ஐரோப்பாவை நம்பினால் அந்த வாரம் முழுக்க கேரம் போர்டை எடுக்க வேண்டியதுதான்.

யாருக்கு இது சரி? தனியாக ராங்க் ஏறுபவருக்கு, மெதுவான ஆட்டம் ஆடுபவருக்கு. முறை வைத்து ஆடும் ஆட்டங்கள், பெரிய உலகத்தில் அலையும் ஆட்டங்கள், இவற்றில் 170 ஒரு பொருட்டே இல்லை. துப்பாக்கி, சண்டை, கார்ப்பந்து வகையறாவில்தான் வலிக்கும்.

மும்பை

இது மனசுக்குப் பிடித்த வழி. என் அக்கா மகன் திருநெல்வேலியில் இருக்கிறான், அவன் கூட்டாளிகள் ஆறு பேர் தினமும் ஆடுகிறார்கள். முதல் நாள் லாபிக்குள் போனதும் "மாமா, ஏ சைட்டுக்கு வாங்க, ஏல நீ பின்னாடி பாரு" என்று காதில் விழுந்தபோது எனக்கு ஆட்டமே மறந்துவிட்டது. என் மகனுக்கு வீட்டில் நாங்கள் பேசும் தமிழ் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில்தான் வரும். அந்த ஒரு மாதத்தில் அவன் கற்றுக்கொண்ட தமிழை எந்த வகுப்பும் கற்றுத்தந்ததில்லை. எல்லாம் நல்ல தமிழ் என்று சொல்ல மாட்டேன்.

வரைபடத்தில் பார்த்தால் டர்பனுக்கு லண்டன் சுமார் 9,500 கிலோமீட்டர், மும்பை 7,000-தான். கொச்சிக்குப் போகும் சேஃப் கேபிள், மும்பைக்குக் கிளை வைத்திருக்கும் சீகாம், இரண்டும் கரையேறும் மட்டுன்சினி எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அப்படியென்றால் பிங் குறைய வேண்டுமே? எனக்கு 280 காட்டியது. ட்ரேஸ்ரூட் (டேட்டா எந்த ஊர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். டேட்டா பாக்கெட் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து லண்டன், பிறகு பிரான்ஸ், செங்கடல் வழியாக மும்பை. தெருக்கோடிக் கடைக்குப் போக ஊரைச் சுற்றி வந்த கதை. நெட் கம்பெனிகளுக்கு ஐரோப்பாவில்தான் மொத்தமாக இணைப்பு இருக்கும், மலிவும் அதுதான், அதனால் எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் வேறு கம்பெனி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் அதே சர்வர் 135 காட்டியது.

ஆகவே மும்பைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் ட்ரேஸ்ரூட் போடுங்கள். வரிசையில் லண்டனோ பிரான்சின் மார்செயோ தெரிந்தால் கம்பெனி மாற்றாமல் பயனில்லை. மொரீஷியஸ்காரர்களும் இதைச் செய்யுங்கள். சேஃப் கேபிள் உங்கள் தீவில் கரையேறிவிட்டுத்தான் கொச்சிக்குப் போகிறது. ஆனாலும் கேபிள் வாசலில் இருப்பதும் உங்கள் பாக்கெட் அதில் ஏறுவதும் வேறு வேறு.

நேரமும் இடிக்கும். நமக்கு எட்டு மணி என்றால் அங்கே பதினொன்றரை. சனிக்கிழமை பரவாயில்லை. வார நாளில் அக்கா மகன் என்னோடு ஆடிவிட்டுக் காலையில் தூங்கி விழுந்ததில் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான். ஞாயிறு மதியம் மூன்று மணி, அங்கே ஆறரை. இரண்டு ஊருக்கும் ஒத்துவரும் நேரம் அது.

வாடகை சர்வர்

முதலில் ஒரு தடை. ஆட்டத்தைச் செய்தவர்கள் சர்வர் மென்பொருளை வெளியே கொடுத்திருக்க வேண்டும். மைன்கிராஃப்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக், ரஸ்ட், வால்ஹெய்ம், அசெட்டோ கோர்சா போன்றவற்றில் கொடுக்கிறார்கள். ஃபோர்ட்நைட், வேலரன்ட் போன்றவற்றில் எல்லாம் கம்பெனியின் கையில், எவ்வளவு காசு கொடுத்தாலும் நடக்காது. 2024 மார்ச் இறுதியில் தி க்ரூ என்ற கார் ஆட்டத்தின் சர்வரை மூடியபோது காசு கொடுத்து வாங்கியவர்களாலும் ஆட முடியாமல் போனது. அதைப் பார்த்து எழுந்த, விற்ற ஆட்டத்தை இப்படி முடக்கக் கூடாது என்ற கோரிக்கைக்கு 2025-இல் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. அது சட்டமாகி நம் பக்கம் வருவதற்குள் என் மகனுக்குக் கல்யாணமாகிவிடும்.

மென்பொருள் கிடைக்கும் ஆட்டம் என்றால், இடம் கிடைப்பது கஷ்டமில்லை. மைக்ரோசாஃப்ட் 2019-இல் ஜோகன்னஸ்பர்கில் கிளவுட் மையம் திறந்தது, அமேசான் 2020-இல் கேப் டவுனில், கூகுள் 2024-இல் ஜோகன்னஸ்பர்கில். இவர்களிடம் மணிக்கணக்கில் எடுக்கலாம், ஆனால் வெளியே போகும் டேட்டாவுக்குத் தனி பில் வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் மாதக் கடைசியில் தலை சுற்றும். விளையாட்டு சர்வர் மட்டுமே வாடகைக்கு விடுபவர்களிடம் மாதத்துக்கு ஒரே தொகை, எங்களுக்கு அதுதான் சரிப்பட்டது. மாதம் 600 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 50. ஒரு பன்னி சௌவைவிட (ரொட்டிக்குள் கறிக்குழம்பு வைத்த டர்பன் சாப்பாடு) குறைவு. டாலரிலோ யூரோவிலோ பில் போடுபவர்களைத் தவிருங்கள், ராண்ட் சரியும் ஒவ்வொரு முறையும் பங்கு ஏறும்.

காசு வசூலிப்பதுதான் உண்மையான வேலை. முதல் மாதம் பன்னிரண்டு பேரும் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் ஒன்பது. மூன்றாம் மாதம் "நான் இந்த மாசம் ரெண்டு நாள்தானே ஆடினேன்" என்று ஒருவர். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. இப்போது மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம்.

அப்புறம் கடவுச்சொல். எங்கள் சர்வரை முதலில் அமைத்தது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்த ஓர் அண்ணன். கணக்கு அவர் பெயரில், கார்டு அவருடையது, எல்லா விசையும் அவர் கையில். அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே போய் மூன்றாம் வாரம் அவருடைய பழைய வங்கிக் கார்டு காலாவதியாக, சர்வர் நின்றது. நாங்கள் கட்டிய மைன்கிராஃப்ட் உலகம், சின்னப் பிள்ளைகள் கட்டிய கோபுரம் எல்லாம் அதற்குள். பெர்த்தில் நேரம் நம்மைவிட ஆறு மணி முன்னால், அண்ணன் தூங்கிவிட்டார். மறுநாள் எப்படியோ மீட்டோம். ஆகவே நிர்வாகக் கணக்கு எப்போதும் இருவரிடம் இருக்கட்டும், வாரம் ஒருமுறை பேக்கப் சர்வருக்கு வெளியே ஒருவர் வீட்டு ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும்.

இன்னொரு குறையும் உண்டு. சொந்த சர்வரில் எதிரி எப்போதும் அதே ஆள்தான். கணேஷ் எந்த மூலையில் ஒளிவான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆறு பேருக்குக் குறைந்தால் மேட்சே இல்லை. ஃபீனிக்ஸ் பையன்களும் பிரிட்டோரியா குழுவும் எங்களோடு சேர்ந்த பிறகுதான் சர்வருக்கு உயிர் வந்தது. பன்னிரண்டு பேருக்குக் குறைவான குழு என்றால், சர்வர் எடுக்கும் முன் இன்னொரு குழுவைத் தேடுங்கள்.

வீட்டிலேயே சர்வர்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடக்கிறது, ஃபைபர் இருக்கிறது, எதற்கு வாடகை என்று தோன்றும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ரண்டில் இருக்கும் நண்பர் அப்படித்தான் ஆரம்பித்தார். அது 2023, லோட் ஷெட்டிங் (அட்டவணை போட்டுக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த வருடம். ரூட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ், கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய யுபிஎஸ் வாங்கினார், அந்தக் காசில் ஒரு வருட வாடகை கட்டியிருக்கலாம். அப்படியும் தெருவில் இருக்கும் ஃபைபர் பெட்டியின் பேட்டரி செத்தால் எல்லாம் வீண். 2024 மார்ச் இறுதியிலிருந்து லோட் ஷெட்டிங் ஓய்ந்து, 2025-இல் சில நாட்கள் மட்டும் எட்டிப் பார்த்தது. ஆனால் கேபிள் திருட்டுக்கு அட்டவணை கிடையாது.

மொபைல் நெட்டில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் நடக்காது. பலருக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரியைத்தான் கம்பெனி கொடுக்கும், வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை யாராலும் தட்ட முடியாது. நாலைந்து பேர் ஆடும் மைன்கிராஃப்டுக்கு வீட்டு சர்வர் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

ஆட்டத்தையே மாற்றுவது

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, ராக்கெட் லீக், ரெயின்போ சிக்ஸ் சீஜ் இவற்றுக்கெல்லாம் தென்னாப்பிரிக்காவில் சர்வர் உண்டு. ராங்க், தோல் (துப்பாக்கிக்குப் போடும் அலங்காரம்), காசு கொடுத்து வாங்கிய சட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டும், அதுதான் செலவு. பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. பிறந்தநாள் பணத்தையெல்லாம் துப்பாக்கித் தோலில் போட்ட பதினாறு வயதுக்காரனிடம் சொல்லிப் பாருங்கள்.

சர்வர் பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, நீங்கள் ஆடப்போகும் அதே மோடில், உள்ளூர் சர்வரை மட்டும் தேர்ந்தெடுத்து மேட்ச் தேடுங்கள். மூன்று நிமிடத்தில் கிடைத்தால் சரி. பத்து நிமிடம் காத்திருந்தால் அங்கே இருப்பவர்களும் ஒவ்வொருவராக ஐரோப்பாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சர்வர் மூடுவது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆள் குறைகிறது, காத்திருப்பு நீள்கிறது, பொறுமையற்றவன் ஐரோப்பாவைச் சேர்த்துக்கொள்கிறான், காத்திருப்பு இன்னும் நீள்கிறது. கடைசியில் கம்பெனிக்காரன் கணக்கைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஒரு வரியை எடுக்கிறான். எங்கள் பழைய சர்வரின் கடைசி வருடம் நாங்களும் "நேரமாகுது" என்று ஐரோப்பாவைத் தட்டியவர்கள்தான்.

நாங்கள் செய்தது

ராங்க் வேண்டும் என்பவர்கள் வார நாளில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் உள்ளூர் சர்வருக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை எட்டு மணி வாடகை சர்வருக்கு, ஞாயிறு மூன்று மணி திருநெல்வேலிக்கு. நானும் நெட் கம்பெனியை மாற்றிவிட்டேன், மும்பை இப்போது 140-இல் நிற்கிறது. மகன் மட்டும் பழைய ஆட்டத்தை விடவில்லை, தினமும் அரை மணி நேரமாவது ஜெர்மனிக்குப் போய்ச் செத்துவிட்டு வருகிறான்.

வாடகைக்கான பங்கை 25-ஆம் தேதி, சம்பளம் விழும் அன்றே வாங்கிவிடுகிறோம். 26-க்குப் போனால் யாரிடமும் இருக்காது.